கேம்ப் ஃபயருக்கு விறகு: எந்த மரம், எந்தக் கருவி, எவ்வளவு மெல்லியதாக?

தோட்டத்திலோ கூடாரம் போட்ட இடத்திலோ இரவு தீ மூட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் பருத்த கட்டையைப் பற்றியே யோசிக்கிறார்கள். கட்டை போதுமா, இன்னொரு கட்டு வாங்கிவிடலாமா என்று பேச்சு போகும். தீ பிடிக்காமல் புகைந்து புகைந்து அணைகிற இடங்களில் பார்த்தால் கட்டை நிறையவே கிடக்கும். தீக்குச்சிக்கும் கட்டைக்கும் நடுவில் வரவேண்டிய காய்ந்த மெல்லிய விறகுதான் இருக்காது. ஆறு செ.மீ. பருமனுள்ள ஒரு கட்டையை ஒரு செ.மீ. குச்சிகளாகப் பிளந்தால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடும். எடை அதே எடை, மரம் அதே மரம். ஆனால் ஒன்று எரியும், மற்றொன்று கருகும். எனவே எந்த மரத்தை வாங்குவது, எந்தக் கருவியைக் கொண்டுபோவது என்பதையெல்லாம் ஒரே கேள்வியால் அளக்கலாம்: சிறு விறகு செய்ய இது தோதுப்படுமா?

பொறுக்குவதா, வாங்குவதா

இதில் பாதி முடிவைச் சட்டமே எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்குள் தீ மூட்டுவதும் அனுமதியின்றி விறகு எடுப்பதும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். வனவிலங்கு சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. இது வெறும் காகிதக் கட்டுப்பாடு அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை மலைச்சரிவுப் புல் எந்த நிலையில் இருக்கும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆக, இங்கே பேசுவது பட்டா நிலம், தனியார் தோட்டம், எஸ்டேட், தீ மூட்டத் தனியிடம் ஒதுக்கிய முகாம் ஆகியவற்றை மட்டும்.

சொந்தத் தோட்டமாக இருந்தால் பொறுக்குவதே மேல், குறிப்பாகச் சிறு விறகுக்கு. மரத்திலேயே நின்றபடி காய்ந்த கிளை தரையில் கிடப்பதைவிட எப்போதும் நல்லது. தரையில் கிடந்தது கீழ்ப்பக்கம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கரையானும் பூஞ்சையும் உள்ளே போயிருக்கும். அப்படி உளுத்த கட்டை கையில் இலேசாக இருப்பதால் காய்ந்தது என்று ஏமாந்துவிடுவோம். அது எரியாது, கனன்று புகையும். கிளையை ஒடித்தால் ‘படக்’கென்று முறியவேண்டும். வளைந்து நார் பிரிந்தால் விட்டுவிடுங்கள். தரையில் கிடப்பதைத் தூக்குமுன் காலாலோ கழியாலோ புரட்டிப் பார்ப்பது நல்லது. தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் பிடித்த இடம் அது.

விறகுக் கடையில் வாங்கினால் எடைக்குத்தான் தருவார்கள். அதாவது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். 40 சதவீதம் ஈரமுள்ள 20 கிலோ விறகில் 8 கிலோ தண்ணீர். நன்றாகக் காய்ந்து 20 சதவீதத்துக்கு வந்த விறகில் 4 கிலோ. சரி, 4 கிலோ தண்ணீர் கூடுதல், அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 620 கிலோகலோரி வேண்டும். நான்கு கிலோவுக்கு 2,500. ஒரு கிலோவுக்கும் குறைந்த காய்ந்த விறகே அதைக் கொடுத்துவிடும். ஆகவே தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் பெரிதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தீரும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மரம் எரிவாயுவை வெளிவிட்டுச் சுடர் பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும். சுடராகாமல் வெளியேறுகிற வாயுதான் கண்ணைக் கரிக்கும் புகை. கொழுந்துவிட்டு எரியும் தீயில் ஓர் ஈரக் கட்டையைப் போட்டால் சமாளித்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே போட்டால் கதை முடிந்தது.

கடையில் சோதிக்க மூன்று வழிகள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும், ‘தொப்’பென்று கேட்கக் கூடாது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் இருக்கவேண்டும். ஒன்றைப் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் பொய் சொல்லாத சோதனை. மற்ற இரண்டும் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கிற கட்டையில் ஏமாற்றக்கூடும்.

எட்டுப் பேர் மூன்று மணி நேரம் சுற்றி உட்கார 15 முதல் 20 கிலோ போதும். வேண்டுமென்றால் பணத்தை எடையில் போடாமல் நன்றாகக் காய்ந்த விறகில் போடுங்கள்.

எந்த மரம்

சமவெளியில் கிடைப்பவற்றுள் முதலிடம் சவுக்குக்குத்தான். கடலூர், விழுப்புரம் பக்கம் வயலாகவே போட்டிருக்கிறார்கள். அடர்த்தியான மரம், சூடு அதிகம், கங்கு நெடுநேரம் நிற்கும், பச்சையாகவே ஓரளவு எரியும். அதற்கு மேல் ஒரு வசதி உண்டு: சவுக்கு மிலார். கிளை கழித்த மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டி விற்கிறார்களே, அது பென்சில் பருமனிலிருந்து விரல் பருமன் வரை தானாகவே தரம் பிரிந்த சிறு விறகு. ஒரு கட்டு மிலார் வாங்கினால் பிளக்கும் வேலையில் பாதி மிச்சம். கட்டையைத்தான் கவனித்து வாங்கவேண்டும். முற்றிக் காய்ந்த சவுக்கு ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். பச்சையில் பிளந்து காயவைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். நிலத்தடி நீருக்கும் மேய்ச்சலுக்கும் அது செய்கிற கெடுதலைப் பற்றி எவ்வளவு பேசினாலும், விறகு என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. நிதானமாக எரியும், கரி உறுதியாக இருக்கும், இறைச்சி சுட இதைவிட நல்ல கங்கு எளிதில் கிடைக்காது. குறை முள்தான். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஏறிய இடம் வீங்கும். தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கோணல்மாணலாக வளர்கிற மரம் என்பதால் நேராகப் பிளந்து சிறு விறகு செய்யவும் வராது. இதைக் கங்குக்கு வைத்துக்கொண்டு, மூட்டுவதற்கு வேறொன்றைத் தேடுவது உத்தமம்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேர்வு தைலமரத்துக்கும் வாட்டில் என்கிற சீகை மரத்துக்கும் இடையே. இரண்டில் சீகையே மேல். கனமானது, அமைதியாக எரியும், கரியும் நல்லது. தைலமரம் சூடு தரும், ஆனால் பச்சையில் பிளக்காமல் விட்டுவிட்டால் காய்ந்தபின் நார் பின்னிக்கொண்டு ஆப்பையே கவ்விக்கொள்ளும். அதன் உரிபட்டை நாடாக்கள் தீ பற்றவைக்க அருமையானவை. காய்ந்த இலையில் எண்ணெய் இருப்பதால் குப்பென்று எரிந்து பொறியை மேலே தூக்கிவிடும். புல் காய்ந்த நாளில் தைல இலையைத் தீயில் போடுவது விபரீதம். எஸ்டேட்டில் மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக்கின் கழித்த கிளை கிடைத்தால் மூட்டுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான மரம், சீவுவதற்குத் தோது, கங்கு நிற்காது.

மா, வேம்பு, புளி எல்லாம் எரியும்தான். இவற்றில் புளி நல்ல கனம், மா சுமார், வேம்பு சரியாகக் காயாவிட்டால் கண்ணெரிச்சல். முருங்கை, கல்யாண முருங்கை, இலவம், பப்பாளி ஆகியவை விறகே அல்ல, பஞ்சு.

தொடவே கூடாதவையும் உண்டு. அரளி எந்த வடிவிலும் வேண்டாம். அதன் குச்சியில் கறி குத்திச் சுடுவது உயிருக்கு ஆபத்து. சேங்கொட்டை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், புகையும் அப்படியே. பிச்சாவரம் போன்ற கழிமுகக் காடுகளில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கள்ளி வகைகளும் இந்தக் கணக்கில்தான். பெயின்ட் அடித்த கதவுத்துண்டு, பிளைவுட், கரையான் மருந்தடித்த கட்டை ஆகியவற்றை மரமில்லாத ஊரில்கூட எரிக்காதீர்கள்.

மூங்கிலுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. பிளந்த மூங்கில் அற்புதமான சிறு விறகு. பிளக்காத மூங்கிலைப் போட்டால் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து வெடிக்கும். கங்கு நாலு பக்கமும் பறக்கும்.

அரிவாளா, ரம்பமா, கோடாலியா

நம் ஊரில் கைக்கு முதலில் வருவது அரிவாள். மிலார் கழிக்க, கட்டைவிரல் பருமன் வரை வெட்ட, முள் சீவ இதற்கு இணை இல்லை. மணிக்கட்டு பருமனைத் தாண்டினால் அரிவாளால் குறுக்கே வெட்டுவது வீண் உழைப்பு: பாதி மரம் சிராயாகப் பறக்கும், தவறிய வீச்சு முழங்காலுக்கு வரும். வேலையைத் தொடங்குமுன் பிடியின் பூண் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவார்கள். அன்றைய வேலைக்குத் தாங்கும், மரம் காய்ந்ததும் மறுபடி தளரும். நிரந்தரத் தீர்வு கொல்லரிடம்தான்.

குறுக்கே அறுக்க மடிப்பு ரம்பம் போதும். 20 முதல் 25 செ.மீ. நீளத் தகடுள்ளது மடித்தால் தோள்பையில் அடங்கும், 10 செ.மீ. கட்டை வரை அறுக்கும். பெரும்பாலானவை இழுக்கும்போது மட்டும் வெட்டுபவை. தள்ளும்போது பலம் கொடுத்தால் தகடு வளைந்து ஒடியும். இன்னொரு பிழை, கட்டையின் இரண்டு முனையையும் கல்லின்மேல் வைத்து நடுவில் அறுப்பது. அறுக்க அறுக்கக் கட்டை உள்நோக்கித் தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அறுபட வேண்டிய முனையை வெளியே நீட்டிக்கொண்டு, மற்ற பகுதியைக் காலால் மிதித்து அறுத்தால் வெட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

கோடாலி இவை எல்லாவற்றையும்விட வேகமானது, எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பருத்த கட்டையைப் பிளக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் கொண்டுபோங்கள். குட்டைப் பிடிக் கைக்கோடாலி ஆபத்து குறைந்தது என்று நினைப்பது தவறு. நீளப் பிடியில் குறி தப்பினால் தலை பெரும்பாலும் தரையில் இறங்கும். குட்டைப் பிடியில் நேராக முழந்தாளுக்கு வரும். கைக்கோடாலியோடு வேலை செய்கிறவர் மண்டியிட்டு, அடிக்கட்டையின் நடுவில் அல்லாமல் எதிர்விளிம்பில் கட்டையை நிறுத்தவேண்டும். தவறினாலும் இரும்பு அடிக்கட்டையில் இறங்கும்.

கோடாலி இல்லாமல், எதையும் வீசாமல் பிளக்கும் முறை ஒன்று உண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு அதையே சொல்வோம். ரம்பத்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கணுவில்லாத துண்டாக அறுத்து அடிக்கட்டைமேல் நிறுத்துங்கள். வெட்டுக்கத்தியின் வாயை வெட்டுமுகத்தின்மேல் வைத்து, கத்தியின் முதுகில் கொட்டாப்புளியாலோ கனமான ஒரு தடியாலோ தட்டுங்கள். வீச்சே கிடையாது என்பதால் குறி தப்பவும் வழியில்லை. கன்னியாகுமரிப் பக்கம் புழங்கும் நேர்வாய்க் கத்தி இதற்குப் பொருத்தம். அரிவாளின் வாய் உள்வளைந்திருப்பதால் பருத்த கட்டையின் முகத்தில் படிந்து உட்காராது. மெல்லிய துண்டுக்குச் சமாளிக்கலாம். நடுவில் பிளப்பதைவிட ஓரத்திலிருந்து விரல் பருமனாகக் கழற்றிக்கொண்டே வருவது எளிது. கணு இருக்கிற துண்டோடு மல்லுக்கட்டாதீர்கள். அது இரவு பத்து மணிக்குப் போடவேண்டிய விறகு.

ஒன்றை மட்டும் வாங்கலாம் என்றால் மடிப்பு ரம்பம் வாங்குங்கள், வீட்டிலிருக்கும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடாலிக்குக் கேம்ப் ஃபயரில் வேலை குறைவு.

மெல்லியது: சுள்ளி, பிளவு, சீவல், தென்னை

மழையில்லாத மாதத்தில் சுள்ளியே போதும். கார்த்திகை மழையிலோ மலையின் பனிமூட்டத்திலோ சுள்ளி கைவிடும். மெல்லிய குச்சியில் பட்டையின் பங்கு அதிகம், பட்டை நனைந்த துணியைப்போல் நீரைப் பிடித்துவைக்கும். அப்போது கட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் காய்ந்த பகுதியை வெளியே எடுப்பதுதான் வழி. நான்கு நாள் மழையில் கிடந்த கட்டையிலும், முன்பே நன்றாகக் காய்ந்திருந்தால், இரண்டு செ.மீ. உள்ளே உலர்ந்த மரம் இருக்கும். பிளவுக்கு இன்னொரு நன்மை, அதன் கூரிய விளிம்பு. உருண்டைக் குச்சியைவிட விளிம்புள்ள குச்சி சீக்கிரம் பற்றும்.

சுருள் சுருளாகச் சீவி, சுருளைக் குச்சியிலேயே விட்டுவைப்பதை வெளிநாட்டுக் காணொளிகள் பெரிதாகக் காட்டுகின்றன. சில்வர் ஓக், பைன், பெட்டி மரம் ஆகியவற்றில் அழகாக வரும். சவுக்கிலும் வேலிக்காத்தானிலும் சுருள் ஒடிந்து விழும், கத்தி மழுங்கும், மணிக்கட்டு வலிக்கும். நம் விறகுக்கு இந்த வித்தை பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. அதே நேரத்தில் முப்பது பென்சில் குச்சிகளைப் பிளந்துவிடலாம்.

தென்னை இருக்கிற இடத்தில் இந்தக் கவலையே வேண்டாம். காய்ந்த பன்னாடையைக் கசக்கினால் தீக்குச்சியை நேராகவே ஏற்கும். பாளையை நீளவாக்கில் கிழித்தால் கிடைக்கும் பட்டைகள், எந்தப் பிளவுக்கும் சளைக்காத சிறு விறகு. கொட்டாங்கச்சி நாலைந்தைக் குவித்துவைத்தால் ஈரமான கட்டையையும் காயவைத்து எரிக்கும் சூடு வரும். மட்டையின் அடிப்பகுதி மட்டும் எளிதில் காயாது. வெளியே பழுத்திருந்தாலும் உள்ளே நீர் இருக்கும். தேங்காய்மட்டை நார் கனலுமே தவிரச் சுடர்விடாது. கொசுவுக்குப் புகைபோட ஆகும். ஓலை நொடியில் எரிந்து தணலோடு பறக்கும் என்பதால் கூரை அருகே வேண்டவே வேண்டாம்.

பற்றவைக்கக் கட்டிக் கற்பூரம் நாலைந்து போதும். காற்றிலும் நின்று எரியும், சட்டைப்பையில் அடங்கும். மண்ணெண்ணெய் மேற்பரப்பில் எரிந்துவிட்டு விறகைக் கருக்கி நின்றுவிடும், சமைத்தால் வாடையும் போகாது. பெட்ரோலின் ஆவி தீக்குச்சியை நோக்கி வந்து முகத்தில் பிடிக்கும். அதை விறகின் அருகே கொண்டுவருவதே தவறு.

எண்ணிக்கை தெரிந்தால் வேலை எளிது. 20 கிலோ விறகுக்கு: தீக்குச்சிப் பருமனில் இரண்டு கைப்பிடி; பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத்தில் ஐம்பது; கட்டைவிரல் பருமனில் ஒரு முழ நீளத்தில் இருபத்தைந்து; மணிக்கட்டு பருமனில் பத்துப் பன்னிரண்டு; மீதி பருத்த கட்டை. பென்சில் குச்சி ஐம்பதும் சேர்ந்து அரைக் கிலோகூட வராது, கட்டைவிரல் பருமன் மூன்று கிலோ. இந்த மூன்றரைக் கிலோதான் அந்த இரவின் தீயைத் தீர்மானிக்கிறது. முழுவதையும் வெளிச்சம் இருக்கும்போதே பிளந்து, தனித்தனியாக அடுக்கி, தார்ப்பாயில் மூடிவையுங்கள். தீ மூட்டியபின் பிளந்துகொள்ளலாம் என்று விட்டால், இருட்டில் கையில் கத்தியோடு நிற்கவேண்டி வரும்.

அடுக்கும் விதம்

கூம்பு, சதுரச் சட்டம், தலைகீழ் அடுக்கு என்று இதைப் பற்றி நிறைய வாதம் நடக்கிறது. விறகு காய்ந்து மெலிந்திருந்தால் எதுவும் எரியும். ஈரத் தரையில் முதலில் கட்டைவிரல் பருமன் குச்சிகளைப் பாய்போல் பரப்பி அதன்மேல் மூட்டுங்கள். ஈர மண் கங்கைக் குடித்துவிடும். வெளிச்சமும் சுடரும் வேண்டுமென்றால் கூம்பு. கறி சுடக் கங்கு வேண்டுமென்றால் சதுரம், ஏனெனில் சரிந்து விழாமல் நடுவிலேயே கங்கு சேரும். பருத்ததை அடியில் வைத்து, மேலே மேலே மெல்லியதாக்கி உச்சியில் பற்றவைக்கும் தலைகீழ் முறை புகையைக் குறைக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கை வைக்கவேண்டாம். ஆனால் விறகு சற்று ஈரமானாலும் கீழே இறங்காமல் நின்றுவிடும். மலையில் பனிக்காலத்தில் கூம்பையே போடுங்கள்.

எந்த அடுக்கிலும் நடக்கிற ஒரு பிழை: பென்சில் குச்சி பற்றியதும் ஆவலில் பருத்த கட்டையை ஏற்றுவது. சுடர் முழங்கால் உயரம் வந்து, கட்டைவிரல் விறகு முழுவதும் பிடித்தபின்தான் மணிக்கட்டு பருமன் ஏறவேண்டும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒட்டவைத்தால் காற்று நுழையாது. அகலமாக வைத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகாது.

சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டி அகற்றி, இரண்டு வாளித் தண்ணீரை மூட்டுமுன்பே வையுங்கள். ஆற்றுக் கல்லைச் சுற்றி வைக்காதீர்கள், உள்ளே நீர் இருந்தால் சூட்டில் தெறிக்கும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே புதுக் கட்டை போடுவதை நிறுத்துங்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனால் கங்கு அடியில் மறுநாள் வரை உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கழியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேல் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரியாதபோதுதான் அணைந்ததாக அர்த்தம். மிஞ்சிய பிளவு விறகைத் தரையில் விடாமல் இரண்டு கல்லின்மேல் தூக்கி அடுக்கி மூடிவையுங்கள். அடுத்த முறை வருகிறவர்களுக்குப் பிளக்கும் வேலை இல்லை.